அடுத்த சந்தை வரைக்கும்

ஒரு வருடம் முழுக்க வலது காலில் எட்டாம் நம்பர் ஷூவும் இடது காலில் ஒன்பதாம் நம்பர் ஷூவும் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டு, இடது காலுக்கு மட்டும் இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டு மிக்ஸியும் வாங்கிய நாளிலிருந்து ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஓடும். 'மாத்திட்டு வாங்களேன்' என்று மனைவி சொல்லும்போதெல்லாம் 'பரவாயில்லை, ஓடுதில்ல' என்பேன். பரவாயில்லை என்ற சொல்லை என் அளவுக்கு உழைக்க வைத்தவர்கள் குறைவு.

இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான் கொல்லிமலையில் நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் நுகர்வோர் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார். காரணம் எளிது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

இரண்டாம் வெள்ளிக்கிழமைகளில் மன்றக் கூட்டம். 'எதை வாங்கினாலும்?' என்று நான் கேட்பேன். 'ரசீது கேட்போம்!' என்று பிள்ளைகள் கத்துவார்கள். 'வாயால் சொன்னால்?' 'எழுதித் தரச் சொல்வோம்!' என் குரல் கணீரென்று இருக்கும். அந்த வகுப்பறையை ஒட்டினாற்போல் சத்துணவுக் கூடம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டே ஒருவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அந்தப் பள்ளியில் நம்பியவர் அவர் ஒருவர்தான். என்னையும் சேர்த்து வேறு யாரும் நம்பியதில்லை.

சமையல் வேலை பார்த்த அந்த அம்மா மலையிலேயே குண்டனி நாட்டுப் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும். நெடுநெடுவென்று உயரம். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அவர் வீட்டில் புழங்கும் எல்லாச் சாமானுடைய ரசீதும், அட்டைப் பெட்டியும், பிளாஸ்டிக் உறையும் மடிப்புக் கலையாமல் இருக்கும். சோப்புக் கட்டியைக்கூட உறையைக் கிழித்துப் பிரிக்கமாட்டார். ஒட்டிய இடத்தில் பிளேடால் மெதுவாகக் கீறி எடுப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"திருப்பிக் குடுக்க வேண்டி வந்தா, வந்த மாதிரியே போகோணுமில்லீங்க? சொன்ன வேலையைச் செய்யோணும் சார். செய்யலைன்னா அது நம்ம ஊட்டுச் சாமான் இல்லீங்க."

இதை அவர் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார் என்று நினைத்து நான் கொஞ்ச நாள் பூரித்துப்போயிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மலைச் சந்தையில் அது என்னைக் கேட்டு வந்த வழக்கமில்லை. இந்தச் சந்தையில் வாங்கியது சரியில்லை என்றால் அடுத்த சந்தை வரைக்கும் திருப்பிக் கொடுக்கலாம். கோழியானாலும் சரி, கொடுவாளானாலும் சரி. ரசீது கிடையாது, சண்டையும் கிடையாது. அடுத்த சந்தை தாண்டிவிட்டால் வாயைத் திறக்கக்கூடாது, பொருள் உன் தலையில். திருப்பி வாங்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட, மலைக்குக் கீழிருந்து வரும் கீழ்நாட்டு வியாபாரி அதற்கடுத்த வாரம் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு வாரக் கெடு இந்தப் பூமி முழுக்கச் செல்லும் என்பது அந்த அம்மாவின் எண்ணம்.

ஒருமுறை அவர் சந்தையில் வாங்கிய குடை கம்பியோரம் ஒழுகியது. அடுத்த சந்தையன்று நானும் பின்னாலேயே போய் வேடிக்கை பார்த்தேன்.  குடையை விரித்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று வியாபாரியின் கையில் கொடுத்தார். பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி மேலே ஊற்றினார். தண்ணீர் அந்த மனுஷனின் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"நானும் இப்படித்தானுங்க நின்னேன்" என்றார். வேறு குடை வந்துவிட்டது. அதையும் விரித்து, "பிடிங்க" என்று மறுபடி நீட்டினார்.

பள்ளிக்கு முட்டை வரும் நாளில் வேன் டிரைவர் இறக்கியதும் கிளம்பிவிட முடியாது. அந்த அம்மா ஒவ்வொரு முட்டையையும் வாளித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதப்பதையெல்லாம் துடைத்து, தட்டில் அடுக்கி, வேனில் திரும்ப ஏற்றிவிடுவார்.

"ஏம்மா, அடிவாரம் காரவள்ளியில இருந்து எழுபது வளைவு சுத்தி மேல கொண்டாந்தது. திரும்ப இறக்கச் சொல்றியா?" என்று டிரைவர் கத்துவார்.

"முட்டைக்கு ஒண்ணும் தலை சுத்தாதுங்க. எடுத்துட்டுப் போங்க. எங்க புள்ளைங்களுக்கு வயிறு ஒண்ணுதான் இருக்குது."

டிரைவர் பொறுப்பாசிரியரான என்னிடம் முறையிட வருவார். நுகர்வோர் மன்றத்தின் சார்பில் நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

வாங்குவதில் மட்டும் என்றில்லை, விற்பதிலும் அவர் அப்படித்தான். ஒருமுறை அவர் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை எனக்கு விற்றார். "வெட்டினீங்கன்னா தேனுங்க சார்." வெட்டினேன். சப்பென்று இருந்தது. இரண்டு சுளைக்கு மேல் இறங்கவில்லை. மீதியைக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். மறுவாரம் பழம் எப்படி என்று கேட்டார்.

"அருமைம்மா! அப்படியொரு ருசி!"

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். மறுநாள் காலையில் என் வாசலில் வேறொரு பழம் இருந்தது. பக்கத்தில் அவரும் நின்றார்.

"ஏனுங்க சார், நீங்க போட்டதை எங்க ஆடே மோந்து பாத்துட்டு வந்துருச்சு. நல்லால்லைன்னா நல்லால்லைன்னு சொல்லோணுமுங்க. நீங்க பாட்டுக்கு அருமைங்கறீங்க. நான் அதே மரத்துப் பழத்தை இன்னும் நாலு பேருக்குக் குடுத்துப்போட்டேனே, அந்தப் பாவம் யாருக்குங்க?"

பாராட்டியதற்குத் திட்டு வாங்கியவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஆண்டு நுகர்வோர் தினத்துக்குப் பொதுமக்களில் ஒருவரைப் பாராட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். எனக்கு யோசிக்க வேலையே இல்லை. 'சிறந்த விழிப்புணர்வு நுகர்வோர்' என்று சான்றிதழ் அடித்தேன். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. 'நுகர்வோர் உரிமைக்காக எமது மன்றம் எந்நாளும் தங்களுக்குத் துணை நிற்கும்' என்று என் சொந்தச் சரக்கை ஒரு வரி சேர்த்து, கையெழுத்தும் போட்டு, லேமினேட் செய்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் மேடையிலேயே எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். கூட்டம் காத்திருந்தது.

"எந்நாளும்னா எப்பவுமேங்களா சார்?"

"எப்பவுமேம்மா!" என்றேன் மைக்கில். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சான்றிதழை உறையோடு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. கீழ்நாட்டில் என்றால் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். இங்கே மிளகு பறிக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதில், கணுக்களையே படியாக விட்ட ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து வீட்டுக்காரர் உச்சிக்குப் போவார். அம்மா கீழே ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஈர மண்ணில் ஏணிக் கால் நகர ஆரம்பித்தால், கீழே இருப்பவர் கத்த வேண்டும், மேலே இருப்பவர் உடனே மரத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும். போன பறிப்பில் அம்மா கத்தினார், அவருக்குக் கேட்கவில்லை. ஏணி போய்விட்டது. கிளையில் தொங்கி, நெஞ்செல்லாம் சிராய்த்து இறங்கினார்.

"அடுத்த பறிப்புக்குள்ள இவருக்குக் காது மிஷின் போட்டாகோணும் சார். இல்லீன்னா இவரை மரத்துக்கு அனுப்ப என் உசுரு தாங்காதுங்க. அனுப்பாம இருந்தா அடுப்பு எரியாது" என்று அந்த அம்மா சொன்னார். அவர் குரல் கலங்கி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

நல்ல கடை எனக்குத் தெரியும் என்று கீழே டவுனுக்கு அழைத்துப்போனவன் நான்தான். எப்படித் தெரியும் என்றால், பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் எங்களை உட்கார வைத்து ரோஸ்மில்க் வரவழைத்தார். 'வாத்தியார் சார், வாத்தியார் சார்' என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். அம்மாவின் வீட்டுக்காரர் காதில் மிஷினை மாட்டிவிட்டுப் பேசினார். அந்த ஏசி அறையில் நன்றாகத்தான் கேட்டது.

"பிடிக்கலைன்னா பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டாங்க, முழுப் பணமும் வாபஸ். நான் எங்கே ஓடிடப்போறேன்?"

அந்த அம்மா என் பக்கம் குனிந்தார். "அதை ரசீதுல எழுதச் சொல்லுங்க சார்."

என் பாடம்தான். இரண்டாம் வெள்ளிக்கிழமைப் பாடம். ஆனால் கையில் பாதி குடித்த ரோஸ்மில்க்கை வைத்துக்கொண்டு ஒருவரை எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது? "அவரே வாயால சொல்றாரும்மா. அப்புறம் நான் இருக்கேன்ல?" என்றேன். ஒரு வருட மிளகுக் காசு கல்லாவுக்குள் போனது.

மலைக்கு வந்ததும் மிஷின் குய்ங் என்று கத்த ஆரம்பித்தது. மூன்றாம் நாளில் இருந்து கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பத்தாம் நாள் திருப்பிக் கொண்டுபோனோம். கடைக்காரர் சிரித்த முகம் மாறாமல் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' அந்த வாசகம் செல்லாது என்று பிள்ளைகளுக்குப் பலமுறை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"காதுல போட்டதை எப்படி சார் திருப்பி வாங்கறது? நீங்களே சொல்லுங்க. மலை ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும். பேட்டரி மாத்திப் பாருங்களேன்."

நான் பேட்டரி வாங்கினேன். என் சொந்தக் காசில், செத்துப்போன மிஷினுக்கு, ஒரு அட்டை நிறைய.

மலைப் பஸ் அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடித் திறந்து பேசினார். "கேஸ் போட்டுருவமுங்களா சார்? வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்னு சொல்லிக் குடுத்தீங்களே."

எழுதச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும்? 'மேற்படி எதிர்மனுதாரரின் நயவஞ்சகமான வாக்குறுதியை நம்பி' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். ஆசிரியர் அறையில் இரண்டுமுறை வாசித்தும் காட்டினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதற்கு ஒரு சாட்சி வந்து சொன்னால் போதும். அன்று அந்த அறையில் அதைக் கேட்டவர்களில் ஒருவர் மனுதாரர், ஒருவர் காது கேளாதவர். மிச்சம் நான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்காரர் போன் செய்தார். மிரட்டவெல்லாம் இல்லை. "நல்லா இருக்கீங்களா சார்? கீழ டிரான்ஸ்பர் கேட்டு மனு போட்டிருக்கீங்களாமே. நம்ம தம்பி ஆபீஸ்லதான் இருக்கான். சொல்லட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. நான்காவது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த மனு அது. விசாரணை அன்று காலை எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

சாயங்காலம் அந்த அம்மா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கீழே போய்த் திரும்பிய முகம் வெளுத்துக் கிடந்தது. கையில் ஒரு தூக்குப் போசி.

"காய்ச்சல் தேவலைங்களா சார்? மிளகும் தூதுவளையும் போட்டுக் கஷாயம் வச்சாந்தேன். வாய்தா போட்டிருக்காங்க. சாட்சி வரோணுமாம். இன்னும் நாள் இருக்குதுங்க, நீங்க உடம்பைத் தேத்திக்குங்க."

கம்பளிக்குள் வியர்த்து வழிந்துகொண்டு படுத்திருந்த நான், அவர் பார்க்கப் பார்க்க அந்தக் கஷாயத்தைக் குடித்தேன். அவர் தோட்டத்து மிளகு. தொண்டையில் இருந்து வயிறு வரை எரிந்தது. அவர் என் காய்ச்சலை நம்பினாரா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாய்தாவுக்கு நான் போனேன். நிஜமாகவே போனேன். அவர்களோடு ஒரே பஸ்ஸில் போகக் கூச்சப்பட்டு, முந்தின பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆணையத்தின் வாசலில் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "வாங்க வாத்தியார் சார்!" என்றார். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, வேறெங்கோ போகிற ஆள் மாதிரி அந்த வாசலைத் தாண்டி நேராக நடந்து, பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் போய்ப் புரோட்டாவுக்குச் சொன்னேன். ஒரு புரோட்டா தீர்ந்ததும் எழுந்துபோய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டாவதும் சொன்னேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா சத்துணவுக் கூடத்தில் மற்றச் சமையல்காரப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"சாட்சி எங்கம்மான்னாரு விசாரிச்ச பெரியவரு. வாசலைப் பாத்தேன், யாரும் வரலை. சரின்னு எங்கூட்டுக்காரரைக் கொண்டுபோய்ச் சுவத்தைப் பாக்க நிறுத்துனேன். மிஷினைக் காதுல மாட்டுனேன். சாமி, நீங்களே இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கன்னேன். கூப்பிட்டாரு. இவரு பாட்டுக்குச் சுவத்து ஃபேனைப் பாத்துட்டு நிக்கறாரு. சத்தமாக் கூப்பிட்டாரு. மிஷின்தான் குய்ங்னு பதில் சொல்லுச்சு. அவங்க வக்கீலே சிரிச்சுப்போட்டாரு."

கடைக்காரர் அங்கேயே முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தமுறை எழுத்தில். அந்தப் பணத்தில் வேறு ஊரில் வேறு மிஷின் வாங்கினார்கள். அந்த மாசியில் அவர்கள் தோட்டத்து வழியாக ஒருநாள் போனேன். மேலே அவர், கீழே ஏணிக் காலில் அந்த அம்மா. "போதும், எறங்குங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். மேலே இருந்தவர் உடனே காலைக் கீழ்க் கணுவுக்கு இறக்கினார். நான் நிற்காமல் போய்விட்டேன்.

எனக்கும் டிரான்ஸ்பர் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, கவுன்சலிங்கில், எல்லோரையும்போல. கடைக்காரரின் தம்பி 'ஆபீஸ்ல' இருந்தது உண்மைதானாம். கால்நடைத் துறை ஆபீஸ்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாசிக்கு முந்தைய ஒரு சந்தை நாளைப் பற்றி. காலையில் அந்த அம்மா என் வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பையில் இருந்து சான்றிதழை எடுத்தார். நான் போட்டுக் கொடுத்த அதே உறை. ஒரு கீறல் இல்லை.

"இதைத் திருப்பி எடுத்துக்குங்க சார்."

"என்னம்மா இது? அதான் கேஸ் ஜெயிச்சாச்சே!"

"அது மிஷினுக்குங்க. இது வேற." கடைசி வரியில் விரலை வைத்தார். 'எந்நாளும்' என்ற இடத்தில் விரல் நின்றது. "அடுத்த சந்தைக்குள்ள குடுத்திருக்கோணும். நீங்களா வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு மூணு சந்தை தள்ளிப்போட்டேனுங்க. யாருக்கும் நான் அப்படித் தள்ளினதில்லை."

 எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அதெப்படிம்மா, குடுத்ததைப் போய்த் திருப்பி வாங்கறது? அப்படியெல்லாம் வழக்கமில்லம்மா."

"அந்தக் கடைக்காரரும் இதையேதானுங்க சொன்னாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பலாப்பழத்துக்குத் திட்டிய மாதிரியாவது திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. எனக்கு அப்போது ஏற்பட்ட வெட்கம் இதை எழுதும்போதும் முகத்தில் ஏறுகிறது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"ரசீதுங்க சார்."

உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் கிழித்தேன். 'சான்றிதழ் ஒன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"எதுக்குத் திரும்ப வந்துச்சுன்னு எழுதலீங்களே."

வாங்கி, கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன். அங்கேயும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது, ஆனால் இந்தமுறை என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. 'சொன்ன வேலையைச் செய்யவில்லை.'

அவர் மறுபடி முழுக்கப் படித்தார். "சரியா இருக்குதுங்க சார்" என்று சொல்லி, மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.